மிதந்த கரி

கரித்துண்டு மிதந்தது.

வகுப்புக்குச் செய்து காட்டப் போட்டபோது வாளித் தண்ணீரில் அது ஆடிக்கொண்டே நின்றதைக் கஜலட்சுமி நம்ப முடியாமல் பார்த்தாள். புசல்லாவையிலிருந்து காலை பஸ்ஸில், நசுங்கிவிடக் கூடாதென்று மடியில் வைத்துக் கொண்டுவந்த துண்டு அது. 'நிலக்கரி' என்று ஒரு தாளில் அழகாக எழுதி மேசையில் ஒட்டியும் வைத்திருந்தாள்.

"நிலக்கரி கல்லு மாதிரி தாழும்னு புத்தகத்துல ஈக்கு," என்றான் ஷப்ராஸ். "இது குளத்துத் தாரா மாதிரி நீந்துது!"

வகுப்பே சிரித்தது. அவளோடு மேசையைப் பங்குபோட்ட கைரியா மட்டும், "வாய மூடு டா," என்று அவன் முதுகில் ஒன்று வைத்தாள்.

சனிக்கிழமை கண்டியில் நடக்கும் விஞ்ஞானக் கண்காட்சியில், நிலக்கரி, எண்ணெய் போன்ற எரிபொருள்களைப் பற்றிக் கம்பளைப் பாடசாலைக்காக ஒருவர்தான் பேசலாம். லீலாதேவி டீச்சர் இன்றைக்குத் தெரிவு செய்யப்போகிறார். அந்த ஒருவர் தானாக வேண்டுமென்று கஜலட்சுமி யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் ஆசை சின்னதாகிவிடும் என்று ஒரு பயம்.

"எங்க எடுத்தனீர் பிள்ளை?" டீச்சர் கேட்டார்.

"ஸ்டோர்ல, டீச்சர். சித்தப்பா அடுப்புல இருந்து எடுத்துத் தந்தாரு."

ஸ்டோர் என்பது தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலை. ஒரு காலத்தில் அங்கே நிலக்கரி எரித்தார்கள் என்று கேட்டு வளர்ந்தவள் அவள். இப்போது விறகுதான் எரிகிறது என்பதும் தெரியும். தெரிந்த இரண்டும் அவள் மனதில் ஒருநாளும் சந்தித்துக்கொள்ளவில்லை. அடுப்பில் கிடந்த கறுப்பெல்லாம் நிலக்கரி என்றே இருந்துவிட்டாள்.

முகம் சுட்டது. துண்டை எடுத்து ஒளித்துவிடலாமா? கை வாளிக்குள் போனது. விரலில் பட்ட கரி இலேசாக, நார் நாராக இருந்தது. மரத்தின் வளையங்கள் இன்னும் தெரிந்தன. அந்தக் கணத்தில் ஏதோ ஒன்று அவளுக்குள் திடுமென்று திறந்தது.

"இது மரக்கரிதான் டீச்சர்," என்றாள். துண்டை எல்லாருக்கும் தெரிய உயர்த்திப் பிடித்தாள். "இந்த மரம் பதினைஞ்சு வருசமோ என்னமோ வெயில் குடிச்சிருக்கும். அந்த வெயில்தான் அடுப்புல எரியுது. நிலக்கரியும் மரம்தான், ஆனா முப்பது கோடி வருசத்துக்கு முந்தின வெயிலு! சேத்துல விழுந்து, மக்கிப்போக முடியாம, மேல மேல மண்ணு ஏறி, அமுங்கி, சூடாகி, கல்லாப் போச்சு. அதான் தாழுது."

"அப்ப டீசல்?" ஷப்ராஸ் விடவில்லை.

"அது மரமில்ல. கடல்ல கண்ணுக்கே தெரியாத சின்னச் சின்ன உயிருங்க. செத்து அடியில படிஞ்சு, சேறு மூடி, எண்ணெயாச்சு. இன்னும் சூடு கூடுன எடத்துல எரிவாயுவாச்சு. நீ வார பஸ்ஸுல எரியுறது, ரோட்டுத் தாரு, அந்தா உன் பிளாஸ்டிக் தண்ணிப் போத்தல், எல்லாம் அதுலருந்துதான்!"

ஷப்ராஸ் தன் போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"நிலக்கரி நம்ம நாட்டுல தோண்டுறதில்ல, கப்பல்ல வருது. புத்தளம் பக்கம் அத எரிச்சுத்தான் கரண்ட் எடுக்குறாங்க. விறகு மரத்த வெட்டுனா திரும்ப நடலாம். நிலக்கரிய எப்படி நடுறது? நடுறதுக்கு முப்பது கோடி வருசம் யாருகிட்ட இருக்கு?"

மூச்சு வாங்கியது. இவ்வளவும் தனக்குள் எங்கே இருந்தது? படித்தது போலவும் இல்லை, பேசப் பேச முளைத்தது போல இருந்தது.

கைரியா 'நிலக்கரி' என்று எழுதிய தாளைக் கிழித்துவிட்டு, "புதுசா என்ன எழுத, புள்ள? கெதியாச் செல்லு," என்று அவசரப்படுத்தினாள்.

டீச்சர் வாளியைப் பார்த்தார். "சனிக்கிழமையும் முதல்ல இதைத்தான் தண்ணியில போட வேணும். சனம் சிரிக்கட்டும். பிறகு நீர் பேசத் தொடங்கும்."

"நானா டீச்சர்?"

"ஓம், நீர்தான்."

கஜலட்சுமிக்கு நன்றி சொல்லக்கூடத் தோன்றவில்லை. "கைரியா, கடல் உயிரையெல்லாம் பெருசா வரையணும்டி," என்றாள், பென்சிலைத் தேடிக்கொண்டே.