போட்டாச்சா?

ஆஸ்பத்திரி மாடியில் ஒரு நீள மேஜை. இந்தப் பக்கம் இதய நோயாளிகள் நாங்கள் நாலு பேர். அந்தப் பக்கம் ஆராய்ச்சி செய்கிற டாக்டரம்மா. ஆயிரம் நோயாளிகளிடம் கேட்கப்போகும் கேள்வித்தாளை எங்களோடு சேர்ந்துதான் தயாரிப்பாராம். வீட்டிலிருந்தும் ஒருவரைக் கூட்டிவரச் சொன்னார்கள். என் மனைவி வந்திருந்தாள். வந்தது வினை.

ஆறாவது கேள்வி: 'நீர் போகும் மாத்திரையைத் தினமும் காலையில் சாப்பிடுகிறீர்களா? ஆம் / இல்லை.' மற்ற மூவரும் தலையாட்டிவிட்டு பிஸ்கட்டில் கை வைத்தார்கள்.

நான் பஸ் கண்டக்டர்; விடிகாலையிலிருந்து மதியம் வரை வண்டியில்தான். அந்த மாத்திரையைப் போட்டால் மூன்று மணி நேரத்துக்கு ஓயாமல் ஒதுங்க வேண்டும். ஓடுகிற பஸ்ஸில் எங்கே ஒதுங்குவது? வேலை நாளில் மாத்திரை சட்டைப்பையோடு சரி. "போட்டாச்சா?" என்பாள் மனைவி. "ஆச்சு" என்பேன். கால் வீக்கம் வடியாததற்கு உப்பின் மேல் பழியைப் போட்டு, ஆறு மாதமாக அவள் துளி உப்பில்லாமல் சமைக்கிறாள். எனக்குத் துணையாக அவளும் அதையே விழுங்குகிறாள்.

வாயை மூடிக்கொண்டால் வீட்டில் நிம்மதி. ஆனால் என்னைப் போல எத்தனை பேர் 'ஆம்' என்று புளுகுவார்கள்? அதை நம்பி, மருந்தே சரியில்லை என்று எழுதிவிடுவார்கள்.

"இந்தக் கேள்வி வேஸ்ட் மேடம்" என்றேன். "எங்க வீட்லயும் தினம் இதையேதான் கேக்கறாங்க. நானும் தினம் பொய்தான் சொல்றேன்."

மனைவி பக்கம் நான் திரும்பவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"பின்ன எப்படிக் கேக்கணும்?" என்றார் டாக்டரம்மா.

"மாத்திரை போட்டா எங்க ஒதுங்குவீங்கன்னு கேளுங்க. உண்மை தானா வரும்."

எங்கள் நால்வரில் ஒருவரான வாட்ச்மேன் கடித்த பிஸ்கட்டைக் கீழே வைத்தார். "எனக்கும் அதே கதைதான்."

டாக்டரம்மா ஆறாவது கேள்வியை அடித்தார். "வேலை முடிஞ்சு மதியம் போடலாமே! ஏன் இத்தனை நாள் சொல்லலை?"

"யாரும் கேக்கலையே மேடம்."

வீடு திரும்பும் பஸ்ஸில் மனைவி வேறு சீட்டில் போய் உட்கார்ந்தாள். மறுநாள் மதியம் வேலை முடிந்து வந்ததும் மாத்திரையை என் கையில் வைத்தாள். விழுங்கினேன்.

"வாயைத் திறங்க."

திறந்தேன். நாக்குக்கு அடியிலும் பார்த்தாள். பிறகு இருவருக்கும் சாப்பாடு போட்டுவிட்டு, தன் தட்டில் மட்டும் உப்பைத் தூவிக்கொண்டாள்.

"ஆறு மாசம்" என்றாள், முதல் கவளத்தை வாயில் வைத்தபடி. கண் கலங்கியிருந்தது.