கவிழ்த்து வைத்த யானை

செஞ்சி கடைத்தெருவில் தேவநாதனின் பம்புசெட் சாமான் கடைக்கு ஒரு ஃபுட்வால்வு வாங்கப் போனால் அவ்வளவு சீக்கிரம் வெளியே வர முடியாது. வால்வை எடுத்துக் கொடுப்பதற்குள், உள்ளே இருக்கும் தோல் எப்படித் திறக்கிறது, எப்படி மூடிக்கொள்கிறது, மோட்டாரை நிறுத்திய பிறகும் குழாயில் ஏறிய தண்ணீர் ஏன் கிணற்றுக்குத் திரும்பிப் போவதில்லை என்பதையெல்லாம் விரலை விட்டுத் தள்ளிக் காட்டிவிடுவான்.

"யப்பா, தண்ணி ஏறினா போதும்பா எனக்கு" என்று வல்லத்து ஆதிமூலம் ஒருமுறை கெஞ்சிப் பார்த்தார்.

"ஏறும். ஏன் ஏறுதுன்னு தெரிஞ்சிக்கினு போங்க."

"தெரிஞ்சி? நான் இன்னா வால்வு செய்யப் போறனா?"

தேவநாதன் சிரித்துக்கொண்டே மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான். எந்தப் பொருளானாலும் அது ஏன் அப்படி நடக்கிறது என்று தெரியாமல் விடுவது அவனுக்குச் செருப்பில் கல்லோடு நடப்பது மாதிரி.

அவன் மனைவி சுமலதா சதுரங்கம் ஆடுகிறவள். பள்ளியில் ஆடி, கல்யாணத்தோடு விட்டு, மகன் விடுதிக்குப் படிக்கப் போன பிறகு மறுபடி எடுத்தாள். போன வருஷம் மாவட்டப் பெண்கள் அணிக்கான போட்டியில் கடைசி ஆட்டம் வரைக்கும் முன்னால் இருந்தாள். அந்த ஆட்டத்தில் இரண்டு பக்கமும் ராணியும் ராஜாவும்தான் மிச்சம். அவளிடம் மட்டும் கூடுதலாக ஒரு சிப்பாய். ஜெயிக்க வேண்டியதுதான். ஆனால் எதிராளி ராணியை வைத்துக்கொண்டு செக், செக் என்று ஓயாமல் துரத்த, சிப்பாயை ஓரடி நகர்த்தக்கூட அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. ஆட்டம் சமன். அணியில் இடம் போனது.

"அடுத்த வருஷம் ஒரு தடவ பாக்கறேன். அப்பவும் இல்லன்னா போர்டத் தூக்கிப் பரண்ல போட்ருங்க. எனக்கும் வெக்கமா இருக்குது, கடையப் போட்டுட்டு இதுக்கு அலையறது" என்றாள்.

அவள் ஒன்றைச் சொன்னால் செய்கிறவள் என்று தேவநாதனுக்குத் தெரியும். ஆடும்போது அவள் முகம் எப்படி மாறும் என்றும் தெரியும். அந்தப் பலகை பரணுக்குப் போய்விடக் கூடாது. அதனால் அந்த வருஷம் முழுக்க மதியம் கடைத்தெரு ஓய்ந்ததும் கல்லாமேசையில் பலகையை விரித்தார்கள். தேவநாதன் சுமாராகத்தான் ஆடுவான். ஆனால் ஏன் என்று கேட்பதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது.

ராணிகள் மட்டும் மிஞ்சும் கட்டம் ஏன் இவ்வளவு கஷ்டம்? யானை செக் கொடுத்தால் ராஜா அதை நோக்கி நடந்தே விரட்டிவிடலாம். ராணியை அப்படி விரட்ட முடியாது. நேராக வரும், சாய்வாக வரும், விரட்டினால் பலகையின் மறுகோடிக்கு ஒரே தாவாகத் தாவி அங்கிருந்து செக் சொல்லும். போனில் இருந்த சதுரங்கச் செயலி ஒவ்வொரு நிலைக்கும் வெற்றி, சமன் என்று கண் சிமிட்டும் நேரத்தில் சொல்லிவிடும். காரணம் மட்டும் சொல்லாது. அதுதான் தேவநாதனுக்கு ஆகவில்லை.

"விடையச் சொல்லிட்டு வாய மூடிக்குது பாரு. இதெல்லாம் ஒரு வாத்தியாரா?"

"உங்க பேச்ச அது கொஞ்சம் கத்துக்கலாம். வாய மூடறத அதுகிட்ட நீங்க கொஞ்சம் கத்துக்கலாம்" என்றாள் சுமலதா.

காரணத்தை இருவருமாகவே தோண்டி எடுத்தார்கள். துரத்தப்படும் ராஜா எங்கே ஓட வேண்டும்? சொந்தச் சிப்பாய்க்குப் பின்னால் என்றுதான் யாருக்கும் தோன்றும். அது பாதிதான் சரி. எதிராளியின் ராஜா எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதைப் பார்த்து ஓட வேண்டும். அப்படி நின்றுகொண்டால், அவர்கள் செக் சொல்லும்போது நம் ராணியைக் குறுக்கே வைத்து மறிக்கலாம். மறித்த அந்த ராணியே அவர்களுடைய ராஜாவுக்குத் திருப்பிச் செக் சொல்லும். துரத்தி வந்தவர்கள் நின்ற இடத்தில் மாட்டிக்கொள்வார்கள். அதற்கு இருவரும் மறிசெக் என்று பேர் வைத்தார்கள். அதைக் கண்டுபிடித்த அன்றைக்குத் தேவநாதன் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் டீ சொன்னான்.

ஒவ்வொரு பாடமும் ஒரே மாதிரி முடியும். சிப்பாய் கடைசிக் கட்டத்தை அடையும், ராணியாக வேண்டும். பழைய ராணி பலகையிலேயே இருக்கிறது, பெட்டியில் இன்னொன்று கிடையாது. வெட்டுப்பட்டு வெளியே கிடக்கும் யானையைத் தேவநாதன் எடுப்பான், தலைகீழாகக் கவிழ்த்து வைப்பான். "ராணி" என்பான். செஞ்சியில் எல்லாரும் அப்படித்தான் வைப்பார்கள். பஸ் ஸ்டாண்டு டீக்கடையிலிருந்து பள்ளிக்கூட மைதானம் வரைக்கும் கவிழ்ந்த யானை என்றால் ராணிதான். சில நாளில் சுமலதாவின் கையே தானாகப் போய் யானையைக் கவிழ்த்தது.

இந்த வருஷப் போட்டி செஞ்சியிலேயே, ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. அன்றைக்கு அமாவாசை. மேல்மலையனூர் கோயிலுக்குப் போகும் சிறப்புப் பேருந்துகள் காலையிலிருந்தே ஹாரன் அடித்துக்கொண்டு மண்டபத்தைத் தாண்டிப் போயின. வேடிக்கை பார்ப்பவர்களைக் கயிறு கட்டி ஒதுக்கியிருந்தார்கள். நடுவர் கோதண்டராமன் மைக்கில் ஒன்றுக்கு இரண்டு தடவை சொன்னார்: "கயித்துக்கு வெளிய இருந்து யாராவது ஒரு வார்த்த சொல்லிக் கொடுத்தா, உங்க ஆளுக்கு அந்த ஆட்டம் தோல்வி. அப்புறம் என்கிட்ட வந்து அழக் கூடாது."

காலை ஆட்டத்தின்போது தேவநாதன் ஒரு விஷயத்தைப் பார்த்தான். ஆண்கள் வரிசையில் ஒருவர் சிப்பாயை ஏற்றிவிட்டு யானையைக் கவிழ்த்து வைத்தார். கோதண்டராமன் வந்து அது யானைதான் என்று சொல்லிவிட்டார். ராணி வேண்டுமென்றால் கடிகாரத்தை நிறுத்திவிட்டுக் கையைத் தூக்க வேண்டுமாம், அவர் கொண்டுவந்து தருவாராம். வேறு காயைக் கட்டத்தில் வைத்துக் கையை எடுத்துவிட்டால் வைத்தது வைத்ததுதான். அந்த ஆள் எப்படியும் ஜெயிக்கிற நிலையில் இருந்ததால் சிரித்துக்கொண்டே ஆடி முடித்தார். தேவநாதனுக்கோ ஆச்சரியம் தாங்கவில்லை. இப்படி ஒரு சட்டமா? மதியம் சுமாவிடம் சொல்ல வேண்டும் என்று குறித்துக்கொண்டான்.

மதியம் மண்டபத்துக்குப் பின்னால் வேப்பமர நிழலில் புளிச்சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தார்கள். அதுவரை எல்லா ஆட்டமும் சுமலதா ஜெயித்திருந்தாள். அவளுக்குச் சமமாகத் திண்டிவனத்துக் கல்லூரிப் பெண் யுவஸ்ரீ. அணியில் மிச்சம் ஓர் இடம். கடைசி ஆட்டம் இருவருக்கும் இடையில்தான். சமன் ஆனால், முந்தைய போட்டிகளின் புள்ளிக் கணக்கில் இடம் யுவஸ்ரீக்குப் போய்விடும். சுமலதா ஜெயித்தே ஆக வேண்டும்.

"ஏங்க, ஒண்ணு கேக்கறேன், செய்வீங்களா?"

"சொல்லு."

"சாயங்காலம் வரைக்கும் எனக்கு எதுவும் வெளக்காதீங்க. தல கொதிக்குது."

"ஒரே ஒரு விஷயம் சுமா—"

"உங்க ஒரே ஒரு விஷயம் எனக்குத் தெரியாதா? சோறு தீந்து, கை கழுவி, அடுத்த அமாவாச வரைக்கும் போவும்." சிரித்துவிட்டு, சட்டென்று சிரிப்பை நிறுத்தினாள். "நெஜமாத்தான் சொல்றேன். இன்னிக்கு மட்டும்."

எடுத்த சோற்றை அவள் பாத்திரத்திலேயே திரும்ப வைத்ததைத் தேவநாதன் பார்த்தான். வாயை மூடிக்கொண்டான். அந்த மாதிரி நிலைமை வரவா போகிறது, வந்தால் அவளுக்குத் தெரியாமலா இருக்கும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். கல்யாணம் ஆன நாளிலிருந்து, சொல்ல வந்ததைச் சொல்லாமல் அவன் விழுங்கியது அன்றைக்குத்தான்.

கடைசி ஆட்டம் சாயங்காலம் வரை இழுத்தது. மற்ற மேசைகள் காலியாகி, கூட்டமெல்லாம் இந்த ஒரு மேசைப் பக்கம் கயிற்றோரம் வந்து நின்றது. பலகையில் என்ன மிஞ்சியிருந்தது? இருவருக்கும் ராணி, ராஜா. சுமலதாவுக்கு ஒரு சிப்பாய்.

யுவஸ்ரீ துரத்தினாள். செக். சுமலதாவின் ராஜா விலகியது. செக். மறுபடி விலகியது. போன வருஷம் ஓடியது மாதிரி குருட்டு ஓட்டம் இல்லை இது. ஒவ்வொரு அடியும் ஏன் என்று தேவநாதனுக்குப் புரிந்தது. கல்லாமேசையில் பார்த்ததெல்லாம் அப்படியே நடந்துகொண்டிருந்தது. ராஜா மேல்கோடி மூலைக்குப் போய்ச் சேர்ந்தது. பக்கத்திலேயே சிப்பாய், ராணியாக இன்னும் ஒரே கட்டம். சுமலதாவின் ராணி தூரத்தில் நின்று, எதிர்மூலைக்கருகே யுவஸ்ரீயின் ராஜாவை நகர விடாமல் காவல் காத்தது. எல்லாவற்றையும் விட அழகு ஒன்று இருந்தது. சிப்பாய் போய் நிற்கப் போகும் கட்டத்திலிருந்து சாய்வாக ஒரு கோடு இழுத்தால், அது நேராக யுவஸ்ரீயின் ராஜாவில் போய் முட்டும். புது ராணி பிறக்கும்போதே செக். அடுத்த ஒன்றிரண்டு நகர்த்தலில் கதை முடிந்துவிடும்.

யுவஸ்ரீக்குச் சொல்வதற்கு நல்ல செக் எதுவும் மிச்சம் இல்லை. கீழ்க்கோடி வரிசைக்கு ராணியைக் கொண்டுபோய் வைத்து, அங்கிருந்து ஏதாவது கிடைக்குமா என்று காத்திருந்தாள்.

தேவநாதன் மூச்சு விட்டான். அப்போதுதான் மேசையைப் பார்த்தான். பலகைக்குப் பக்கத்தில் வெட்டுப்பட்ட காய்கள். அதில் ராணி இல்லை. யானை இருந்தது.

சுமலதாவின் கடிகாரத்தில் நேரம் அடிமட்டத்துக்கு வந்திருந்தது. அவள் சிப்பாயைக் கடைசிக் கட்டத்துக்குத் தள்ளினாள்.

கையைத் தூக்கு சுமா. கடிகாரத்தை நிறுத்திட்டுக் கையைத் தூக்கு.

சொன்னால் தோல்வி. சொல்லாவிட்டால்? இருமினான். கோதண்டராமன் தலையைத் திருப்பி அவனை ஒரு பார்வை பார்த்தார். இன்னொரு தடவை இருமப் பயந்து அவன் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். வெளியே மலையனூர் வண்டி ஒன்று நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டு போனது. சுமலதாவின் கை பக்கவாட்டில் போனது, பார்க்காமலே யானையை எடுத்தது, கவிழ்த்தது, கட்டத்தில் வைத்தது, கடிகாரத்தைத் தட்டியது. கல்லாமேசையில் தேவநாதன் வைப்பானே, அதே மாதிரி.

யுவஸ்ரீயின் கை தன் ராஜாவை நோக்கிப் போனது. அவளும் இந்த மாவட்டத்துப் பெண்தானே. செக் என்றே நினைத்துவிட்டாள். தொடுவதற்கு முன்னால் கை அந்தரத்தில் நின்றது. காலையில் யானையைக் கவிழ்த்து வைத்தாரே, அவர் மேசையருகேதான் அவளும் உட்கார்ந்திருந்தாள்.

"சார், இது இன்னா காய்?"

"ராணிம்மா" என்றாள் சுமலதா.

கோதண்டராமன் குனிந்து பார்த்தார். அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. "யானைங்க. கவுத்து வெச்சாலும் யானைதான்."

"எல்லாரும் இப்படித்தான சார் வெப்பாங்க?"

"வீட்ல வெப்பாங்கம்மா. இங்க என்னைக் கேட்டிருக்கணும். கை எடுத்துட்டீங்க."

அவரே அந்த யானையை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனார். யானை சாய்வாகப் பார்க்காது. அதனால் யுவஸ்ரீயின் ராஜாவுக்குச் செக் இல்லை. இப்போது அவள் முறை. அவள் தலையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு கீழ்க்கோடி வரிசையிலிருந்த ராணியைச் சாய்வாக இழுத்து, மூலையிலிருந்த சுமலதாவின் ராஜாவுக்கு நேர் கீழே ஒரு கட்டம் விட்டு வைத்தாள். செக்.

தேவநாதனுக்கு உடனே விளங்கியது. வேண்டாம் என்றாலும் விளங்கத்தான் செய்தது. யானை நிற்கும் இடத்தில் ராணி நின்றிருந்தால் ஓரடி சாய்வாக இறங்கி மறித்திருக்கும். யானையால் சாய்வாக இறங்க முடியாது. ராஜா பக்கத்தில் ஒதுங்கலாம் என்றால் அந்த ஒரு கட்டத்தில் யானையே நிற்கிறது. மற்ற இரண்டு கட்டமும் யுவஸ்ரீயின் ராணி கையில். காவலுக்குப் போன பழைய ராணி வந்து சேர வழியில்லை. ஆட்டம் முடிந்தது.

சுமலதாவும் பார்த்துவிட்டாள். கையை நீட்டினாள்.

"அக்கா…" என்ற யுவஸ்ரீக்கு அதற்கு மேல் வரவில்லை. "நீங்கதான் நல்லா ஆடனீங்க."

"பரவால்ல. நல்லா ஆடு அங்க போய்."

கடைத்தெரு வழியாக நடந்தே வந்தார்கள். பூக்கடை தாண்டியதும் அவள் கேட்டாள்.

"இருமினீங்களே."

"ம்."

"தெரியுமா உங்களுக்கு?"

"காலையிலயே ஒரு மேசையில பாத்தேன்."

அவள் நான்கைந்து கடை தாண்டி வந்தாள். "மத்தியானம் சொல்ல வந்தது அதானா?"

"ஆமா."

"சொல்லியிருக்கலாம்" என்றாள். பிறகு, "நான்தான் வாய அடச்சேன்" என்றாள். வருஷம் முழுக்க அந்த யானையைக் கவிழ்த்துக் கவிழ்த்துக் காட்டிய கை தன்னுடையது என்பது அவனுக்குத் தெரிந்தது. அதைச் சொல்லலாம் என்று வாயெடுத்தான். சொல்லி என்ன ஆகப் போகிறது?

கடையைத் திறந்து விளக்கைப் போட்டதும் அவள் பலகையை மடித்துப் பெட்டியில் வைத்தாள். அவனிடம் நீட்டினாள். பரண் அவளுக்கு எட்டாது.

"சுமா, அடுத்த வருஷம்…"

"சொன்னது சொன்னதுதாங்க."

ஏணியைச் சாத்தி ஏறினான். பாதியில் நின்றுகொண்டிருந்தபோது கீழிருந்து கேட்டாள்: "அது ராணியா இருந்திருந்தா எப்படி முடிஞ்சிருக்கும்?"

"செக். அவ ராஜா மூலைக்குப் போவும். அங்க முடிஞ்சிடும்."

அதற்கு மேல் விளக்க அவனிடம் எதுவும் இல்லை.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. ஆதிமூலம். "தேவநாதா, ஃபுட்வால்வு மறுபடி போச்சுப்பா. ஒண்ணு குடு."

"மூணாவது தட்டுல இருக்குது. எடுத்துக்கோங்க."

ஆதிமூலம் எடுத்தார். பழக்க தோஷம், கொஞ்ச நேரம் நின்றார். ஏணிமேல் பெட்டியோடு நின்றவன் ஒன்றும் சொல்லவில்லை. "இன்னாப்பா, ஒடம்பு கிடம்பு சரியில்லியா? இது உள்ள தோலு ஏதோ பண்ணும்னு சொல்லுவியே."

சுமலதா அவர் கையிலிருந்து வால்வை வாங்கினாள். விரலை உள்ளே விட்டுத் தோலைத் தள்ளினாள்.

"தண்ணி மேல ஏறச்சொல்ல இது தொறந்துக்கும். கீழ வரப் பாத்தா மூடிக்கும்" என்றாள். "அவ்ளோதான். ஏறினது திரும்ப எறங்காது."

தேவநாதன் பெட்டியைப் பரணில் உள்ளே தள்ளிவிட்டு, இறங்காமல் அங்கேயே நின்றான்.