இரண்டு வீட்டுக்கும் ஓம்

சனிக்கிழமை காலையில் சமூக வானொலியில் லூசியாவுக்கு இருபது நிமிடம் உண்டு. ஒரு பாட்டு, பிறகு நகர அரசியல், பிறகு இன்னொரு பாட்டு. மற்ற நாட்களில் அவள் ஒரு பல் வைத்தியரின் முன்மேசையில் இருந்து தொலைபேசி எடுப்பாள்.

கேட்பவர்கள் அதிகம் இல்லை. கேட்டவர்கள் அவளை நம்பினார்கள். ரேட்ஸ் என்ற வீட்டு வரி ஏன் ஏறியது, குப்பை எடுக்கும் நாள் ஏன் மாறியது, தலைநகர் வெலிங்டன் எதற்குக் காசு தரும், எதற்குக் கையை விரிக்கும் என்று வீட்டில் கதைப்பதுபோலச் சொல்வாள். யாருக்கு வாக்குப் போடுவது என்று மட்டும் சொல்ல மாட்டாள். எத்தனையோ பேர் கேட்டுப் பார்த்தார்கள். கோயில் ஆட்கள் கேட்டார்கள், தேவாலயத்து ஆட்கள் கேட்டார்கள். அவள் சிரித்துக்கொண்டு வேறு கதைக்குப் போய்விடுவாள்.

அந்த ஆண்டு உள்ளூர்ச் சபைக்குத் தெரிவான ஒருவர், பிறிஸ்பேனில் வேலை கிடைத்து, வந்த வேகத்தில் போய்விட்டார். இடம் காலியானது. முதல் தேர்தலில் மயிரிழையில் தோற்ற இரண்டு பேர் மட்டும் திரும்பவும் நின்றார்கள். சட்டப்படி அது இடைத்தேர்தல். தமிழர்கள் அதை இரண்டாம் சுற்று என்றார்கள். டெரிக் என்ற ஓய்வுபெற்ற பள்ளி அதிபர் ஒருவர். மற்றவள் கம்சாயினி. முப்பது வயது, தண்ணீர்க் குழாய்களைத் திட்டமிடும் பொறியியலாளர். மூன்று வயதில் இங்கே வந்தவள்.

இந்தச் சுற்றில் ஒரே ஒரு பிரச்சினைதான் இருந்தது. ஹில்ஸ்பரோ வீதியில் காலை வேளையில் பஸ்ஸுக்கு மட்டும் ஒரு பாதை ஒதுக்குவது. ஒதுக்கினால் ஓரத்தில் கார் நிறுத்த முடியாது.

யோகராஜாவின் டெய்ரி என்ற மூலைக்கடை அந்த வீதியில்தான் இருந்தது. பின்னால் வீடு. வேலைக்குப் போகிறவர்கள் காரை நிறுத்திவிட்டு ஓடி வந்து பாணும் பாலும் கோப்பியும் வாங்குவார்கள். அந்த இரண்டு மணித்தியாலம்தான் கடை. தேவாலயத்தில் ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தபோது அவர் லூசியாவிடம் ஆறுதலாக இருந்தார். கம்சாயினி கடைக்கு வந்ததாகவும், தான் எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னதாகவும், பஸ் லேனை நிறுத்துவதாக அவள் ஒத்துக்கொண்டுவிட்டதாகவும் சொன்னார். ஓம் மாமா, ஓம் மாமா என்று சொன்னாளாம்.

அதே கிழமை பத்மாவதி பல் வலியோடு வந்தாள். பென்ரோஸில் ஒரு தொழிற்சாலையைத் துப்புரவு செய்கிறவள். பஸ் அந்த வீதியில் கார்களுக்குள் சிக்கிவிடுகிறது, பிந்தி வந்தால் மேற்பார்வையாளன் முகத்தைத் திருப்புகிறான் என்று கன்னத்தைப் பொத்திக்கொண்டே சொன்னாள். ஆனால் இனிப் பயமில்லையாம். கம்சாயினி வீட்டுக்கு வந்திருந்தாளாம். பஸ் லேன் போட வேண்டும் என்றதற்கு ஓம் அன்ரி என்றாளாம்.

லூசியா அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை ஒலிவாங்கியின் முன்னால் இருந்து, பஸ் லேன் விடயத்தில் கம்சாயினி இரண்டு பக்கமும் வாக்குக் கொடுத்திருக்கிறாள் என்று சொன்னாள்: "ஒரே வீதி. இரண்டு வீடு. இரண்டு வீட்டுக்கும் ஓம்." அந்த வசனம் அவளுக்குப் பிடித்திருந்தது. இரண்டு பேரும் சொன்னது உண்மை. கம்சாயினியிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

திங்கட்கிழமைக்கிடையில் அது ஆங்கிலமாகிவிட்டது. ஹில்ஸ்பரோவாசிகளின் முகநூல் பக்கத்தில் யாரோ போட்டார்கள்: இந்த வேட்பாளர் இரண்டு பக்கத்துக்கும் சத்தியம் பண்ணியிருக்கிறார், அவருடைய ஆட்களின் வானொலியே சொல்கிறது. கீழே நூற்றுக்கணக்கில் கருத்துகள். டெரிக் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. யோகராஜா தொலைபேசி எடுத்து, இந்தப் பிள்ளையா இப்படி என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பத்மாவதி அடுத்த முறை பல்லைக் காட்ட வந்தபோது கம்சாயினியின் பெயரை எடுக்கவே இல்லை.

செவ்வாய்க்கிழமை மதியம் கம்சாயினி பல் வைத்தியசாலைக்கு வந்தாள். வேலைக்குப் போடும் மஞ்சள் மேற்சட்டை இன்னும் போட்டிருந்தாள். காத்திருப்போர் கதிரையில் ஒருவரும் இல்லை. தான் எங்கே, எப்போது வாக்குக் கொடுத்தேன் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். கோபம் இருந்தது, குரலை உயர்த்தவில்லை. லூசியா இரண்டு வீட்டிலும் நடந்ததைச் சொன்னாள்.

"ஓம் எண்டு சொன்னனான்தான்," என்றாள் கம்சாயினி தமிழில். "ஓம் எண்டா, நான் கேட்டுக்கொண்டிருக்கிறன் எண்டுதானே அர்த்தம்? அம்மா பெரியம்மாவோட ஃபோனில அப்பிடித்தானே கதைக்கிறவ. பெரியம்மா கதைக்கக் கதைக்க, ஓம், ஓம், ஓம்."

"அது அக்கா தங்கச்சி கதைக்கிறது, பிள்ளை. நீ வோட் கேட்டுப் போனனி."

"அப்ப நான் என்ன சொல்லியிருக்கோணும்? வயசான ஆக்கள் கதைக்கேக்க பேசாமல் நிக்கேலுமோ?"

அந்த நேரம் ஒரு நோயாளி உள்ளே வந்தார். கம்சாயினி ஒதுங்கி வழிவிட்டுப் போய்விட்டாள். தேர்தலில் நிற்கிறவர்கள் எல்லோருக்கும் வாயில் ஒரு சாட்டு இருக்கும் என்று லூசியா தனக்குச் சொல்லிக்கொண்டாள். நோயாளியின் பெயரைக் கணினியில் இரண்டு தரம் பிழையாக அடித்தாள்.

வியாழக்கிழமை பின்னேரம் வரதராஜன் அழைத்தான். வானொலியில் அவளுடைய நிகழ்ச்சியை ஒலிபரப்பில் ஏற்றுகிறவன் அவன்தான். திருச்சிக்காரன், கிளென் ஈடனில் இருக்கிறான், பேசத் தொடங்கினால் நிறுத்தம் தெரியாதவன். இந்தக் கிழமை எந்தப் பாட்டு, ஒலிவாங்கி ஒன்று கரகரக்கிறது, மற்ற ஒலிவாங்கியை இந்தி நிகழ்ச்சிக்காரர்கள் எடுத்துவிட்டார்கள் என்று போய்க்கொண்டிருந்தான். லூசியா கறிக்கு வெங்காயம் வெட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். திடீரென்று நிறுத்தினான்.

"அக்கா, இது ஆமாவா, இல்ல 'ம்'மா?"

"என்ன?"

"ஓம் ஓம்ங்கிறீங்களே. போன வருஷம் நிகழ்ச்சியை ஒரு மணி நேரம் தள்ளி வைக்கலாமான்னு கேட்டேன், ஓம்னீங்க. நானும் தள்ளி வெச்சேன். அப்புறம் வந்து என்னைக் கிழிச்சீங்க. அதுலேருந்து நான் கேட்டுக்கிறது. உங்க ஊர்ல ரெண்டுக்கும் ஒரே சொல்லா வெச்சிருக்கீங்க, நாங்க என்ன பண்றது?"

அவள் கத்தியை வைத்துவிட்டாள். அன்று வரதராஜனைக் கிழித்தது நன்றாக நினைவிருந்தது. நான் எப்போது சம்மதித்தேன் என்று கேட்டிருந்தாள். உண்மையாகவே சம்மதிக்கவில்லை. அவன் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

அந்த இரவு அவளுக்குப் பிடிபடாத விடயம் வேறு. சொன்னது பிழை என்று தெரிந்துவிட்டது. அதைத் திருத்தினால், வாக்களிப்பு முடியும் கடைசிக் கிழமையில் ஒரு வேட்பாளருக்கு வானொலியில் வெள்ளையடித்த மாதிரி ஆகும். அதுவும் தமிழ் வேட்பாளருக்கு. இத்தனை வருடம் கட்டிக்காத்த பெயர் அதோடு போய்விடும். திருத்தாமல் விட்டால், ஒரு பிள்ளையின் பெயர் அப்படியே கிடக்கும், அதைப் போட்டது தான் என்று தனக்கு மட்டும் தெரிந்திருக்கும். இங்கே வாக்களிப்பு தபாலில்தான். வாக்குச்சீட்டுகள் பாதி ஏற்கெனவே போயிருக்கும். மீதிப் பாதி இன்னும் வீடுகளில், குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிக் கிடந்தன.

வெள்ளிக்கிழமை அவள் இரண்டு வேட்பாளர்களுக்கும் ஒரே செய்தியை அனுப்பினாள். ஒரே ஒரு கேள்வி: பஸ் லேன் வேண்டுமா, வேண்டாமா? நேரில் வரலாம், எழுதியும் அனுப்பலாம். டெரிக் உடனே மரியாதையாக எழுதினார். தனக்குத் தமிழ் தெரியாது, மன்னிக்க வேண்டும், பஸ் லேன் வேண்டாம், கடைகளுக்கு முன்னால் கார் நிறுத்தும் இடம் இருந்தே ஆக வேண்டும். கம்சாயினி தான் நேரில் வருவதாக எழுதினாள்.

சனிக்கிழமை ஒலிபரப்புக்கு முன்னால் லூசியா அவளைத் தனியே கூப்பிட்டு, கேள்வியைச் சுற்றிப் போக விடமாட்டேன், எந்தப் பக்கம் சொன்னாலும் மற்றப் பக்கம் போய்விடும் என்றாள். அவள் தண்ணீர் குடித்தாள். தெரியும் அன்ரி என்றாள்.

பாட்டு முடிந்தது. லூசியா டெரிக்கின் பதிலை முதலில் மொழிபெயர்த்து வாசித்தாள். பிறகு சொன்னாள்:

"சென்ற கிழமை நான் ஒரு பிழை விட்டேன். கம்சாயினி இரண்டு வீட்டிலும் ஓம் என்றது உண்மை. அதை வாக்குறுதி என்று சொன்னது நான். அவரிடம் கேட்காமல் சொன்னேன். எங்கள் ஊரில் ஓம் என்றால் சம்மதம் என்றும் வரும், சொல்லுங்கோ கேட்கிறேன் என்றும் வரும். இது எனக்குத் தெரியாத விடயம் இல்லை." கம்சாயினியின் பக்கம் திரும்பினாள். "இப்போது கேட்கிறேன். பஸ் லேன் வேண்டுமா, வேண்டாமா?"

"வேணும்," என்றாள் கம்சாயினி.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வரதராஜன் நிமிர்ந்து பார்த்தான். அவள் வீட்டுத் தமிழில், சொற்களைத் தேடித் தேடிப் போனாள். "யோகராஜா மாமா, விடிய ஏழு மணியில இருந்து ஒன்பது மட்டும் உங்கட கடைக்கு முன்னால கார் விடேலாது. உங்களுக்கு நட்டம் வரும். எனக்கு அது விளங்குது. ஆனா ஒரு பஸ்ஸில ஐம்பது பேர் நிக்கினம்." மூச்சு எடுத்தாள். "பத்மாவதி அன்ரி, நான் வெண்டாலும் பஸ் நேரத்துக்கு வருமெண்டு சொல்லேலாது. எங்கட சபை கருத்து மட்டும்தான் சொல்லலாம். முடிவெடுக்கிறது மேல இருக்கிறவை. நான் என்ர கருத்தைச் சொல்லுவன். அவ்வளவுதான் என்னால ஏலும்."

வரதராஜன் தலையில் கை வைத்துக்கொண்டான். தன்னால் முடியாது என்று ஒலிவாங்கியில் சொல்லி வாக்குக் கேட்ட ஒருவரை அவன் எந்த நாட்டிலும் கண்டதில்லையென்று பிறகு சொன்னான்.

தொலைபேசி விளக்கு எரிந்தது. யோகராஜா. லூசியா யோசித்தாள். பிறகு அவரை ஒலிபரப்பில் எடுத்தாள்.

"பிள்ளை, இதை அண்டைக்கே கடையில வச்சுச் சொல்லியிருக்கலாமே?"

"நீங்கள் கதைச்சு முடிக்கேல்லை, மாமா. பிறகு கஸ்டமர் வந்திட்டினம்."

வரதராஜன் விரலைச் சுழற்றி நேரம் போகிறது என்று காட்டினான்.

"அது சரிதான்," என்றார் யோகராஜா. "நான் கொஞ்சம் கூடக் கதைக்கிற ஆள்."

வைத்துவிட்டார். லூசியா வாக்களிப்பு எப்போது முடிகிறது என்றும் சீட்டைப் போடும் செம்மஞ்சள் பெட்டிகள் எந்தெந்த நூலகத்தில் இருக்கின்றன என்றும் சொல்லி முடித்தாள்.

அன்று பின்னேரம் வாட்ஸப்பில் இரண்டு கட்சி உருவாகியது. லூசியா கடைசியில் தன் ஆளுக்குப் பிரசாரம் செய்துவிட்டாள் என்றது ஒன்று. பிள்ளையைக் கூட்டிவந்து நடுவீதியில் விட்டுவிட்டாள் என்றது மற்றது. இரண்டும் அவளுக்கும் வந்து சேர்ந்தன.

கம்சாயினி தோற்றாள். பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் தோல்வி. முதல் சனிக்கிழமை அவளிடமிருந்து எத்தனை வாக்கை எடுத்தது, இரண்டாவது சனிக்கிழமை எத்தனையை எடுத்தது, எத்தனையைக் கொடுத்தது என்று லூசியா பேருந்திலும் சமையலறையிலும் கணக்குப் போட்டுப் பார்த்தாள். வரவில்லை. யாருக்கும் வராது என்று விளங்கிய பிறகும் போட்டாள். பிறகு கம்சாயினிக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"அப்பாவுக்கு உங்களில கோவம், அன்ரி," என்றாள் கம்சாயினி.

"உனக்கு?"

"இல்லை." பிறகு, "கொஞ்சம் இருக்கு," என்றாள். "அது போயிடும். நான் தோத்ததுக்கு இல்லை. முதலே என்னட்டைக் கேட்டிருக்கலாமெண்டு."

"கேட்டிருக்கோணும்," என்றாள் லூசியா.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் மண்டபத்தில் தேநீருக்கு நின்றார்கள். யோகராஜா கோப்பையோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு லூசியாவிடம் வந்தார். சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

தன் வாக்கு கம்சாயினிக்குத்தான் போனது என்றார். சீட்டு வந்த கிழமையே போட்டு அனுப்பிவிட்டாராம். பிறகு வானொலியைக் கேட்டுவிட்டு, ஏமாந்துபோனேன் என்று இரண்டு நாள் மனைவியோடும் கதைக்காமல் இருந்தாராம். தபால் கந்தோருக்குப் போய் அதைத் திருப்பி எடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறார். அவர்கள் சிரித்துவிட்டார்களாம்.

"இப்ப கவலையோ, அண்ணை?" என்று லூசியா கேட்டாள்.

அவர் தேநீரை ஒரு மிடறு குடித்தார். "தோத்துப்போச்சு பிள்ளை," என்றார், சொந்தத்தில் யாரோ பரீட்சையில் தவறியதுபோல. "நேர நிண்டு, உனக்கு நட்டம் வருமெண்டு எனக்குச் சொன்ன ஒரே ஆள். இந்த டெரிக் என்னத்தை நிப்பாட்டுறது? கவுன்சில் அவரைக் கேட்டே செய்யப்போகுது? வாற வருசம் வந்து கோடு கீறிப்போட்டுப் போவாங்கள்."

அவர் மிச்சத் தேநீரையும் குடித்து முடித்தார்.

"அடுத்த எலெக்சன் எப்ப?"

"இன்னும் ரெண்டு வருசத்துக்கு மேல இருக்கு."

யோகராஜா தலையை ஆட்டினார். "அதுக்கிடையில பஸ் லேன் வந்திடும்," என்றார். "பிறகு எனக்கும் அவளுக்கும் என்ன பிரச்சினை?"