பக்கத்து வீட்டுக்குப் போன வால்

மார்ச் மாதத்தில் நோரீனின் கணவர் கிளைவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போயிற்று. இனி மாடிப்படி ஏற முடியாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். வீட்டில் படுக்கையறையும் குளியலறையும் மாடியில்தான். கீழே ஓர் அறை தயாராகாவிட்டால் அவரைப் பராமரிப்பு இல்லத்துக்குத்தான் அனுப்பியாக வேண்டும். அங்கே போக இரண்டு பஸ் மாற வேண்டும். அதைக் கேட்ட அன்று ஆஸ்பத்திரியில் கிளைவ் தன் இடது கையால் நோரீனின் கோட்டுப் பொத்தானைப் பிடித்துக்கொண்டார். நர்ஸ் வந்து விரல்களைப் பிரிக்கும் வரை விடவில்லை.

ஆகவே வீட்டின் இடது பக்கத்துச் சந்தில் ஓர் அறை கட்டுவது என்று முடிவாயிற்று. இடைஞ்சலாக நின்றவை இரண்டே இரண்டு: காஸ் மீட்டர், கரண்ட் மீட்டர். இரண்டும் அந்தப் பக்கச் சுவரில்தான் இருந்தன. அவை முன்சுவருக்கு நகர்ந்தால்தான் அஸ்திவாரம் தோண்டலாம். காஸ்காரர்கள் போன வாரமே வந்து மஞ்சள் குழாயைப் புதைத்து, தங்கள் மீட்டரை வெள்ளைப் பெட்டிக்குள் உட்கார வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். கரண்ட்காரர் வர வேண்டியதுதான் பாக்கி. இருவரும் ஒரே நாளில் வந்ததாக அந்த நாட்டில் யாரும் கேள்விப்பட்டதில்லை.

கரண்ட்காரர் பெயர் மால்கம். அதிகம் பேசாத மனிதர். பழைய மீட்டரின் அடியில் குனிந்து பார்த்தவர், நிமிராமலே கேட்டார்.

"பக்கத்து வீட்ல யாரு இருக்கா?"

"யாரும் இல்ல. வில்ஃப் இருந்தாரு. ஜனவரியில செத்துட்டாரு" என்றாள் நோரீன்.

"உங்க கேபிள்லேர்ந்து அவருக்கு ஒரு வால் போகுது. அந்தக் காலத்துல இப்படித்தான் பண்ணுவாங்க. தெருவுலேர்ந்து ஒரு வீட்டுக்கு லைன் இழுத்துட்டு, அங்கேர்ந்து தரைக்கடியில அடுத்த வீட்டுக்குத் தாவ விட்டுடுவாங்க. உங்க மீட்டர நகர்த்தணும்னா இத வெட்டணும்."

"அது நகராட்சி வீடு. வெட்டிக்கலாம்னு கடிதாசியே குடுத்திருக்காங்க" என்றான் டெஸ். அவன்தான் கொத்தனார், கையில் டீக்கோப்பை இல்லாமல் அவனைப் பார்க்க முடியாது. "காலி வீடு, கண்ணு. எலி கூட காலி பண்ணிருச்சு." அந்த ஊரில் பஸ் ஓட்டுநர் முதல் டாக்டர் வரை எல்லோருக்கும் எல்லோரும் கண்ணுதான். மால்கம் மட்டும் அதை ரசித்ததாகத் தெரியவில்லை.

இடுக்கி போன்ற ஒரு கருவியை எடுத்து அந்த வாலைச் சுற்றிக் கவ்வவிட்டார். அதன் சின்னத் திரையில் எண் ஏறியது. ஏறி, நின்றது.

"காலி வீடுன்னீங்க?"

"காலிதான்."

"யாரோ கெட்டில் போட்டிருக்காங்க. இந்த அளவு கெட்டில்தான். பத்து வருஷமா பாக்கறேன்."

மூவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் கொதிக்க எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் அந்த எண் நின்றது. பிறகு சட்டென்று பூஜ்ஜியத்துக்கு இறங்கியது. முற்பகல் தேநீர் நேரம். டெஸ் தன் கோப்பையை மெல்லக் கீழே வைத்தான்.

வில்ஃப் வீட்டுச் சாவி நோரீனிடம் இருந்தது. அவள் வீட்டுச் சாவி அவரிடம் இருந்ததைப் போல. மால்கமும் அவளும் போனார்கள். டெஸ் வாசலிலேயே நின்றுவிட்டான். பூட்ஸ் சேறாக இருக்கிறதாம்.

உள்ளே ஈரவாடை. சாமான்களுக்கெல்லாம் துணி போர்த்தியிருந்தது. மால்கம் நேரே மாடிப்படிக்கு அடியில் இருந்த மெயின் சுவிட்சிடம் போனார். அது கீழே தள்ளப்பட்டு, சிவப்பு நாடா ஒட்டி, நகராட்சியின் முத்திரையோடு இருந்தது. யாரும் தொடவில்லை. "தரைக்கடியில எங்கேயோ கரண்ட் ஒழுகுது போல" என்றார். அவருக்கே அது போதவில்லை என்பது குரலில் தெரிந்தது.

நோரீன் சமையலறைக்குள் போனாள். கெட்டிலின் ஒயர் பிளக்கில் இல்லை, மேடை விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தது. ஏன் தொட்டாள் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. உள்ளங்கையை அதன் வயிற்றில் வைத்தாள். சூடாக இருந்தது.

"ஏதாவது இருக்கா?" என்று கூடத்திலிருந்து கேட்டார் மால்கம்.

"ஒண்ணுமில்ல" என்றாள்.

திரும்பி வந்ததும் மால்கம் பெரிய வெட்டுக்கத்திரியை எடுத்தார். அதே நேரம் கருவியில் எண் மறுபடி ஏறியது. அவர் கத்திரியைத் தாழ்த்தினார்.

"நான் வெட்ட மாட்டேன். லோடு இருந்தா ஆள் இருக்குன்னு அர்த்தம். எவனாவது ஒளிஞ்சு படுத்திருந்து, மூச்சு மெஷின் ஓடிக்கிட்டிருந்தா? ஆபீசுக்குச் சொல்லிடறேன், விசாரிச்சுட்டு மறுபடி தேதி குடுப்பாங்க."

"எப்போ?"

"மூணு மாசம் ஆகும்."

"மூணு மாசத்துல நான் வேற ஊர்ல வேலையில இருப்பேன், கண்ணு" என்றான் டெஸ். இந்த முறை அவன் சிரிக்கவில்லை.

மால்கம் போன் பேச வேனுக்குப் போனார். நோரீன் தன் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவருக்கு அந்தப் பக்கம்தான் வில்ஃபின் சமையலறை.

இருபத்தாறு வருஷம் பக்கத்துப் பக்கத்தில் இருந்தவர்கள். கிளைவும் வில்ஃபும் வேலிக்கு இரண்டு புறமும் நின்று மணிக்கணக்காகச் சிரித்துப் பேசுவார்கள். நோரீன் துணி காயப்போட வரும்போதெல்லாம், "ஒரு நாள் வீட்டுக்கு டீக்கு வாங்க, வில்ஃப்" என்பாள். "வரேன், வரேன், ஒரு நாள்" என்பார் அவர். வந்ததில்லை. வருவார் என்று அவளும் எதிர்பார்த்ததில்லை. அந்தத் தெருவில் கூப்பிடுவது மரியாதை. போகாமல் இருப்பது அதைவிட மரியாதை. மனைவி இறந்த பிறகு மட்டும் ஒரு தடவை, "எந்த நாள்?" என்று கேட்டார். அவள் சிரித்துவிட்டுத் துணிக்கூடையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள்.

சுவரில் கை வைத்தாள்.

"வில்ஃப், கிளைவ் வீட்டுக்கு வரணும். இந்த லைன் இருந்தா வர முடியாது. உங்களுக்கு என்ன, டீதானே வேணும்? இங்க வந்து குடிங்க. சும்மா சொல்லல. நிஜமாத்தான் சொல்றேன்."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது.

மால்கம் திரும்பி வந்தபோது திரையில் பூஜ்ஜியம். நம்பாமல் கருவியைக் கழற்றி மாட்டினார். சந்தில் உட்கார்ந்து தன் சாண்ட்விச்சை மெல்லத் தின்று முடித்தார். பூஜ்ஜியம்தான். ஆபீசுக்கு மறுபடி போன் போட்டு, சரியென்ற பதில் வந்ததும் வெட்டினார். சாயங்காலத்துக்குள் புது மீட்டர் முன்சுவரில், காஸ் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டது. கையெழுத்து வாங்கும்போது, "அங்க என்ன பார்த்தீங்க?" என்று கேட்டார். நோரீன் பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள்.

செப்டம்பரில் அறை முடிந்தது. கிளைவ் ஆம்புலன்ஸில் வந்து இறங்கினார். புதுக் கட்டிலில் படுக்க வைத்ததும் கூரை, ஜன்னல், கதவு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு நோரீனின் பொத்தானைத் தேடிப் பிடித்து, தானாகவே விட்டார். அன்று இரவு அவள் மாதக்கணக்கில் தூங்காத தூக்கத்தைத் தூங்கினாள்.

மறுநாள் முற்பகல், அவருக்கு வலது கால் காலுறையை மாட்டிக்கொண்டிருந்தாள். வீட்டில் வேறு ஆளில்லை. சமையலறையில் கெட்டில் இரையத் தொடங்கியது. இரைச்சல் ஏறி, கொதித்து, டக்கென்று அணைந்தது.

காலுறை பாதியில் நின்றது. கிளைவ் கதவுப் பக்கம் பார்த்தார். முகத்தில் பயம் இல்லை.

நோரீன் போய்ப் பார்த்தாள். கெட்டிலின் மூக்கிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. மேசையில் எதுவும் நகரவில்லை. பொதுச்சுவருக்கு முதுகைக் காட்டிய நாற்காலி மட்டும் வெளியே இழுக்கப்பட்டிருந்தது. ஆனால் அதில் யாரும் இல்லை. அவளைத் தாண்டி, திறந்த கதவு வழியாக, ஒரு குளிர்ச்சி புது அறைப் பக்கம் போனது போலிருந்தது. அடுத்த நொடி அங்கிருந்து கிளைவின் சிரிப்பு கேட்டது. மார்ச்சுக்குப் பிறகு அவர் தொண்டையிலிருந்து வந்த முதல் சத்தம். வேலி ஓரத்தில் நின்று சிரிப்பாரே, அதே சிரிப்பு.

ஓடிப் போகலாம் என்றுதான் தோன்றியது. ஆனால் கூப்பிட்டது அவள்தானே. அலமாரியைத் திறந்தாள். தனக்கொரு கோப்பை. கிளைவுக்கொரு கோப்பை, விழுங்க வசதியாகக் கெட்டிப்படுத்தும் பொடி போட்டு. அப்புறம் மூன்றாவதை எடுத்து, விருந்தாளிக் கோப்பைதான், துடைத்து வைத்தாள்.

சர்க்கரை டப்பாவைத் திறந்ததும் கை நின்றது. இருபத்தாறு வருஷத்தில் அது அவளுக்குத் தெரியாது.

"வில்ஃப்," என்றாள், அறைப் பக்கம் பார்க்காமல். "சர்க்கரை எத்தனை?"

அறையில் சிரிப்பு நின்றது. கட்டிலருகே சாப்பாட்டுத் தட்டில் கிடந்த கரண்டி இரண்டு தடவை தட்டும் சத்தம் கேட்டது.

கிளைவ் சர்க்கரையே போடமாட்டார்.

நோரீன் மூன்றாவது கோப்பையில் இரண்டு கரண்டி போட்டுக் கலக்கினாள்.