சுண்டுவிரல் போன்

டேலுக்கு ஒரு வியாதி உண்டு. மேடையில் மூன்று விநாடி அமைதி விழுந்தால் போதும், அவன் கை தானாக எழுந்துவிடும். கட்டைவிரல் காதுக்கு, சுண்டுவிரல் வாய்க்கு. "ட்ரிங்" என்பான். கூட்டம் சிரிக்கும். கூட நடிக்கும் லோர்னாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒன்பது வருஷமாக ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு, அமெரிக்காவின் மில்வாக்கி நகரில், பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் ஒரு பௌலிங் கூடத்தின் பின்னறையில் இருவரும் நாடகம் போடுகிறார்கள். எழுதிவைத்த வசனம் கிடையாது. வந்தவர்கள் ஓர் இடத்தைச் சொல்வார்கள். அங்கே புழங்கும் சாதாரண ஆட்களாக இவர்கள் மாறிவிட வேண்டும். சட்டம் ஒன்றுதான்: ஒருவர் சொன்னதை மற்றவர் இல்லையென்று சொல்லக் கூடாது. ஆமாம் போட்டு, மேலே ஏதாவது சேர்க்க வேண்டும்.

அந்தச் சட்டம்தான் அவள் கழுத்தைப் பிடித்தது. அவன் போனை எடுத்துவிட்டால் அங்கே போன் இருக்கிறது. அவ்வளவுதான், காட்சி வேறெங்கோ ஓடிவிடும். எத்தனையோ முறை சொன்னாள். செவிடன் காதில் ஊதிய சங்கு. இன்று முடிவாகவே சொல்லிவிட்டாள்: ஒரே ஒரு காட்சியை நீ தப்பித்து ஓடாமல் முடித்துக் கொடு, போன் அடித்தால் இதுவே என் கடைசி நாடகம். டேல் பொரித்த சீஸை மென்றபடி தலையாட்டினான்.

யாரோ சலவைக்கடை என்றார்கள். லோர்னா கடைக்காரி ஆனாள். டேல் பஸ் டிரைவராக ஒரு கூடை துணியோடு வந்தான். இல்லாத கூடையிலிருந்து அவள் இல்லாத ஸ்வெட்டர் ஒன்றை எடுத்துப் பார்த்தாள்.

"இது உங்க வீட்டம்மாவோடதாச்சே. அவங்க தவறிப்போயி ஒரு வருஷம் ஆகுது. இன்னுமா துவைக்கிறீங்க?"

அறை அடங்கியது. டேலின் முகத்தில் நிஜமாகவே ஏதோ அசைந்தது. இருடா, ஓடாதே, இன்னும் கொஞ்சம் இரு என்று அவள் மனதுக்குள் கெஞ்சினாள்.

"ட்ரிங்" என்றான் டேல்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்துவிட்டான் பாவி. கூட்டம் சிரித்த சிரிப்பில் அவளுக்கு அழுகையே வந்தது. வந்த கோபத்தில் அவன் கையிலிருந்து அந்தப் போனைப் பிடுங்கி, தன் காதில் வைத்துக்கொண்டாள்.

"ஆமாம்மா, இங்கதான் இருக்காரு." போனை அவனிடமே நீட்டினாள். "உங்க வீட்டம்மா பேசுறாங்க."

மறுக்க முடியாது. டேல் வாங்கிக் காதில் வைத்தான். ஒன்றும் பேசவில்லை, கேட்டான். சுவருக்கு அப்பால் பௌலிங் கட்டைகள் சரியும் சத்தம் மட்டும் வந்தது. வெகுநேரம் கழித்து, அந்த வீட்டம்மாவுக்கு ஒரு பெயரும் வைத்து, "இன்னும் காயல, பெக்" என்றான். விளக்கு அணைந்தது. கை தட்ட யாருக்கும் உடனே தோன்றவில்லை.

உள்ளே வந்ததும் டேல் குதித்தான்.

"பாத்தியா? நான் போனை எடுக்கலைன்னா இந்த சீனே கிடையாது."

லோர்னா தலையில் அடித்துக்கொண்டாள். ஒன்பது வருஷமாக அவள் கேட்டதை இன்றைக்குச் செய்துவிட்டான். செய்தது என்னவென்றுகூடத் தெரியாமல் நிற்கிறான். கோட்டை மாட்டிக்கொண்டு, சொன்னது சொன்னதுதான், இனி வர மாட்டேன் என்றாள். அவன் சிரித்தபடி கட்டைவிரலைக் காதுக்குக் கொண்டுபோனான்.

"ட்ரிங். லோர்னா, உனக்குத்தான்."

அவள் கை பழக்கத்தில் பாதிவரை எழுந்தது. அதைக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டாள்.

"இது மேடை இல்ல, டேல். உன் கையில போனும் இல்ல."