சனிக்கிழமைக் கமாக்கள்

அச்சுக்கடைக்காரர் போனில் அனுப்பியிருந்த இரங்கல் தாளில் பதினோரு கமாக்கள் இருந்தன. அதில் ஏழு தண்டம். இறந்தவனின் தங்கை அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, சமையலறை வாசலில் நின்றபடியே அவரைப் போனில் கூப்பிட்டாள்.

"இந்த இங்கிலீஷை யாரு எழுதினது?"

"உங்க அண்ணன் கம்பெனியிலேருந்து வந்ததும்மா. அப்படியே போட்டுட்டேன்."

"அப்படியே போடுறதுக்குக் கடை எதுக்கு? பேருக்கு நடுவுல கமா போட்டிருக்கீங்க. மனுஷனை ரெண்டா வெட்டி வச்ச மாதிரி இருக்கு."

"மூணு மணிக்கு அடக்கம்னு சொன்னாங்க. இப்பவே பதினொண்ணு. அடிக்கவா வேண்டாமா?"

"திருத்தி அனுப்புறேன். அதுவரைக்கும் மிஷின்ல கை வைக்காதீங்க."

போனை வைத்ததும் பின்னால் பெரியம்மா பெருமூச்சு விட்டாள். "செத்த வீட்ல கமாவாம் கமா."

செத்த வீட்டில் ஒருத்தராவது புத்தியோடு இருக்கக் கூடாதா என்று தங்கைக்கு வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். வக்கீல் ஆபீசில் பத்தொன்பது வருஷமாக இங்கிலீஷ் டைப் அடிக்கிறவள் அவள். ஒரு கமா இடம் மாறினால் பெரிய வக்கீல் ஃபைலைத் தூக்கி மூஞ்சியில் எறிவார். அந்தப் பயம் ரத்தத்தில் ஊறிப்போயிருந்தது. இரண்டே அறை உள்ள அந்த நாலாம் மாடி வீட்டில் முப்பது பேர் அடைந்து கிடந்தார்கள். அண்ணனை ஆஸ்பத்திரியிலிருந்து நேராக மண்டபத்துக்குத்தான் கொண்டுவருவார்கள். அதுவரைக்கும் யாருக்கும் ஒரு வேலையும் இல்லை. அதனால் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். நேற்றுக் காலை ஒன்பது மாடிக் கட்டிடம் ஒன்றில் லிஃப்ட் நின்றுவிட்டதென்று போனவன், மேலே மோட்டார் அறைக்குப் படியேறிக்கொண்டிருந்தான். ஆறாம் மாடிக்கும் ஏழாம் மாடிக்கும் நடுவில் கருவிப் பையை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தான். வாட்ச்மேன் போய்ப் பார்த்தபோது உட்கார்ந்தபடியே இருந்தானாம். வயது ஐம்பத்திரண்டு.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இது ஒரு நாள்ல வந்ததில்ல. இதயம் பலவீனமாகி நுரையீரல்ல நீர் சேர்ந்திருக்கு. ஆறேழு மாசத்துக்கு முன்னாடியே படியேறும்போது மூச்சு வாங்க ஆரம்பிச்சிருக்கும். வீட்ல யாரும் கவனிக்கலையா?"

அந்தக் கேள்வியை வீட்டுக்குத் தூக்கி வந்தவள் தங்கைதான். நேற்று சாயங்காலம் இத்தனை பேர் முன்னாலும் அண்ணியைப் பார்த்துக் கேட்டாள். "ஒரே வீட்ல இருந்துக்கிட்டு, புருஷனுக்கு மூச்சு வாங்குறது கூடவா தெரியல?" அதற்குப் பிறகு வருகிறவர், போகிறவர் எல்லோர் வாயிலும் அதே கேள்விதான். அண்ணி ஜன்னலோரம் ஸ்டூலில் உட்கார்ந்து எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தாள். "எனக்குத் தெரியலயே."

போன் மறுபடி அடித்தது. அண்ணனின் கம்பெனி மேலாளர்.

"மண்டபத்துல நாலு வார்த்தை பேசலாம்னு இருக்கோம்மா. அவர் கைப்பட எழுதின இங்கிலீஷ் ரிப்போர்ட் ஏதாவது இருந்தா எடுத்துட்டு வாங்களேன், வாசிச்சிடலாம். இந்த வயசுல கத்துக்கிட்டாரே."

கத்துக்கிட்டார். தங்கைக்குச் சுருக்கென்றது. இந்த மேலாளர்தான் போன வருஷம் அண்ணனின் ரிப்போர்ட்டை ஆபீசில் உரக்கப் படித்துக் காட்டிச் சிரித்தவர். ஒரு கமா இல்லாமல், ஒரு முற்றுப்புள்ளி இல்லாமல், முதல் மாடியில் ஆரம்பித்து ஒன்பதாம் மாடிவரை ஒரே வாக்கியம். சூப்பர்வைசர் வேலைக்கு இங்கிலீஷில் ஒழுங்காக எழுதத் தெரிய வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். சூப்பர்வைசர் என்றால் படியேற வேண்டாம், நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டால் போதும். அண்ணன் அன்றைக்கே நோட்டு வாங்கிக்கொண்டு தங்கையிடம் வந்து நின்றான். "எனக்குக் கமா சொல்லிக்குடு டீச்சரம்மா."

அக்டோபரிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் மத்தியானம் அவள் இங்கே வந்தாள். பட்டியல் போடும்போது எங்கே கமா, இணைக்கும் சொல்லுக்கு முன்னால் எங்கே, எங்கே கூடவே கூடாது என்று கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னாள். அண்ணன் தலையை ஆட்டுவான். அடுத்த வாரம் எல்லாம் தப்பாக எழுதி வைத்திருப்பான். நாலாவது வாரத்தில் அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

"உனக்கு விதியெல்லாம் ஏறாதுண்ணா. எழுதினதை வாய்விட்டுப் படி. எங்க மூச்சு விடுறியோ அங்க ஒரு கமா போட்டுத் தொலை."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். என் உயிரை வாங்காதே."

அது விதியே இல்லை என்று அவளுக்குத் தெரியும். அன்றைக்குச் சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அண்ணனோ எள் என்றால் எண்ணெயாக நிற்கிறவன்.

"அண்ணி, அவன் நோட்டு எங்க?"

அண்ணி எழுந்து, மூலையிலிருந்த சாய்வு நாற்காலியின் மெத்தைக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். "நீயே ஒண்ணைப் பார்த்து எடும்மா. தப்பையெல்லாம் திருத்திடு. நாலு பேர் முன்னாடி அவருக்குச் சிரிப்பு வேண்டாம்."

வீட்டில் இடமில்லாததால் தங்கை குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, கவிழ்த்து வைத்த வாளிமேல் உட்கார்ந்தாள். கையில் சிவப்புப் பேனா.

கடைசிப் பக்கத்தைப் பிரித்ததுமே பழைய எரிச்சல் வந்துவிட்டது. தாள் முழுக்க மிளகு தூவின மாதிரி கமா. போன சனிக்கிழமை எழுதியது. இதைப் பார்த்துவிட்டு அவள் ஒரு வார்த்தைகூடத் திருத்தவில்லை, பக்கத்துக்குக் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட்டுக் கிளம்பிவிட்டாள். அண்ணன் சிரித்தான். "சரி டீச்சரம்மா. அடுத்த வாரம் குறைச்சுக்கிறேன்." முன்பெல்லாம் தெரு வரை வந்து வழியனுப்புகிறவன் அன்று நாற்காலியை விட்டே எழவில்லை. கோபித்துக்கொண்டான் என்று நினைத்துக்கொண்டு படியிறங்கினாள்.

எங்கே கமா வேண்டும் என்று பார்ப்பதற்காக மெல்ல வாய்விட்டுப் படித்தாள். "ஐ செக்டு, த ரோப், அண்ட் த, மோட்டார்."

'த'வுக்கும் 'மோட்டார்'க்கும் நடுவில் எவனாவது கமா போடுவானா? அங்கே யாரும் நிறுத்த மாட்டார்கள். குழந்தைகூட நிறுத்தாது. பேனாவை வைத்து வட்டமிடப் போனவள், மறுபடி ஒரு தடவை படித்தாள். அவன் நிறுத்தின இடத்திலெல்லாம் நிறுத்திப் படித்தாள். இரண்டாவது வரி முடிவதற்குள், மூச்சு வாங்கிப் பேசுகிறவனின் குரலாக அது கேட்டது.

பக்கங்களை முதலிலிருந்து புரட்டினாள். ஒவ்வொன்றிலும் அவளே தேதி போட்டிருந்தாள். நவம்பரில் ஒரு பக்கத்துக்கு ஐந்து கமா. டிசம்பரிலும் ஐந்து, ஆறு. ஜனவரியில் பன்னிரண்டு. மார்ச்சில் ஒரு வரிக்கு மூன்று. ஏப்ரலில் இரண்டு வார்த்தைக்கு ஒன்று. ஓரத்தில் அவள் கையெழுத்து: ரொம்ப அதிகம். மறுபடியுமா. கண்ணை மூடிக்கிட்டுப் போடுறியா.

அவன் கண்ணை மூடிக்கொண்டு போடவில்லை. அவள் சொன்னதைத்தான் செய்திருந்தான். வாரா வாரம் சிவப்பு மையில் அவனைத் திட்டியிருந்தாள்.

முதலில் அண்ணன்மேல்தான் ஆத்திரம் வந்தது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கலாமே, பாவி. படியேற முடியவில்லை என்றுதான் அந்த நாற்காலி வேலைக்கு அலைந்தான் என்று இப்போதல்லவா தெரிகிறது. அவளோ பதவி ஆசை என்று நினைத்துக் கேலி செய்தாள். ஆத்திரம் அடங்கியதும் பயம் வந்தது. இந்த நோட்டில் இருப்பது வேறு யாருக்கும் தெரியாது. அண்ணிக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. மேலாளருக்குத் திருத்தின நகல் ஒன்று எழுதிக் கொடுத்துவிட்டு நோட்டைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டால், கேட்க நாதியில்லை. டாக்டர் கேட்ட கேள்வி அண்ணியோடு போய்விடும்.

கைப்பையைத் திறந்தாள். வெளியே பெரியம்மாவின் குரல் கேட்டது. புதிதாக வந்த யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தாள். "கூடவே படுத்து எழுந்தவளுக்கே தெரியலன்னா யாரைச் சொல்ல?"

"எனக்குத் தெரியலயே" என்றாள் அண்ணி.

தங்கை கதவைத் திறந்துகொண்டு வந்தாள்.

"பெரியம்மா, இனிமே அவங்களைக் கேக்காதீங்க. என்னைக் கேளுங்க."

"உனக்கென்ன தெரியும்? நீ வாரத்துக்கு ஒரு நாள் வர்றவ."

"ஒரு நாள் வந்தாலும் என் கையில எழுதிக் குடுத்திருக்கான்."

தங்கை அண்ணியின் காலடியில் தரையில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தாள்.

"மூச்சு விடுற இடத்துல கமா போடுன்னு நான்தான் சொல்லிக்குடுத்தேன் அண்ணி. தப்பாத்தான் சொல்லிக்குடுத்தேன். அவன் அப்படியே போட்டிருக்கான். நீங்க இங்கிலீஷ் படிக்க வேண்டாம். வால் வச்ச இந்தப் புள்ளிய மட்டும் எண்ணுங்க. இது நவம்பர். இது போன வாரம்."

அண்ணி எண்ணினாள். உதடு அசைய, ஒவ்வொன்றாக, ஒரு பக்கம் முழுக்க எண்ணினாள். பிறகு சிவப்பு எழுத்தைத் தொட்டுக் காட்டினாள். "இது என்ன எழுதியிருக்க?"

தங்கை படித்துச் சொன்னாள். ஒன்றையும் விடாமல் சொன்னாள்.

அண்ணி திட்டுவாள் என்று நினைத்தாள். திட்டினால் தேவலை என்று இருந்தது. அண்ணி பக்கத்தைப் புரட்டி ஜனவரிக்குப் போனாள்.

"இந்த மாசம்தான் கட்டில்ல படுக்கலைன்னு நாற்காலிக்குப் போனாரு. படுத்தா அடைச்சிருக்கும் போல. எங்கிட்ட, கமா படிக்கிறேன், தங்கச்சி திட்டுவான்னு சொன்னாரு. விடிய விடிய உக்காந்தே இருப்பாரு. உம்மேல எனக்கு எவ்வளவு கோபம் தெரியுமா?"

"தெரியாது."

"சாவடிக்கிறாளே மனுஷனைன்னு நினைப்பேன்."

தங்கை தலையைக் குனிந்துகொண்டாள். பெரியம்மா என்னவோ சொல்ல வந்தாள். அண்ணி கையைக் காட்டி அவளை நிறுத்தினாள்.

அச்சுக்கடைக்காரர் இரண்டு தடவை கூப்பிட்டார். மூன்றாம் தடவை தங்கை எடுத்து, "அப்படியே அடிங்க" என்றாள். "அந்தக் கமாவெல்லாம்" என்று அவர் இழுத்தார். "இருக்கட்டும்" என்று வைத்துவிட்டாள்.

அடக்கத்துக்கு முன்னால், இரண்டு மணிக்கு மண்டபத்தில் மேலாளர் தன் கைக்குட்டையை மடித்து வைத்துவிட்டு, தாளுக்காகக் கையை நீட்டினார். தங்கை தரவில்லை. "நானே படிக்கிறேன் சார்" என்று மைக்குக்கு முன்னால் போய் நின்றாள். அவள் கூப்பிடாமலே அண்ணியும் எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள்.

"திருத்திட்டியா?"

"இல்ல அண்ணி."

"அப்ப ஒண்ணையும் விடாம படி."

தங்கை கடைசிப் பக்கத்தைப் பிரித்தாள். அண்ணி தன் ஆள்காட்டி விரலை முதல் கமாவின் அடியில் வைத்தாள்.

"ஐ செக்டு."

விரல் அங்கேயே இருந்தது. பிறகு அடுத்த கமாவுக்கு நகர்ந்தது.

"த ரோப்."

நாற்காலிகள் கிறீச்சிட்டன. யாரோ இருமினார்கள். மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒரே ஒரு பக்கம்தான் இருந்தது, ஆனால் இப்படிப் போனால் எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியவில்லை.

"அண்ட் த."

அந்த இடத்தில் அண்ணியின் விரல் நகரவேயில்லை. தங்கை அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.