எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறிய ஜெட்

ஓடுபாதைக்குப் போக ஒரே வழிதான். அந்த வழிக்கு வாலைக் காட்டிக்கொண்டு ஜெட் நின்றது.

"நேத்து வால் சுவர் பக்கம் இருந்துச்சே. யார் சார் திருப்பினது?" என்றாள் லாவண்யா.

"கிழக்கு பார்த்துதான் ஸ்டார்ட் பண்ணணுமாம்," என்றார் மேலாளர் மோகன்குமார். "ஓனர் ஆசைப்படறார். நான் என்ன மேடம் பண்றது?"

ஜெட்டின் ஓனர் வெங்கடப்பனுக்கு வேப்பனப்பள்ளிப் பக்கம் கிரானைட் குவாரி. பழைய ஜெட் ஒன்றை வாங்கி, ஓசூரில் இந்த விமானத் தொழிற்சாலையில் பழுதுபார்த்து, இன்று எடுத்துப் போகிறார். அதன் மூக்கில் சந்தனம். சக்கரங்களுக்கு முன்னால் எலுமிச்சம்பழம்.

லாவண்யா ஓட்டுவது இரண்டு பேர் உட்காரும் விமானம். இந்தத் தொழிற்சாலையிலேயே செய்தது. அதைப் பார்க்கச் சேலத்தில் விமானப் பயிற்சிப் பள்ளிக்காரர்கள் காத்திருந்தார்கள். அவர்கள் வாங்கவில்லையென்றால் சிறு விமானப் பிரிவையே மூடிவிடுவதாக நிர்வாகம் சொல்லியிருந்தது.

"என் வண்டி மாருதி காரை விட லேசு சார். நான் பின்னாடி போறப்ப இது பவர் குடுத்தா காத்துலயே கவுத்துடும்."

"ஸ்டார்ட் மட்டும்தான் மேடம். பவர் எங்க குடுக்கறோம்?"

"பழத்த எப்படி நசுக்குவீங்க? நிக்கிற ஜெட் நகரணும்னா பவர் குடுத்துத்தானே ஆகணும்?"

மோகன்குமார் பழங்களைப் பார்த்தார். இதை அவர் யோசித்திருக்கவில்லை.

"டிராக்டர் வெச்சு இழுத்து நசுக்கிடறோம். நீங்க தாண்டினப்புறம்தான் எஞ்சின். ப்ராமிஸ். சீக்கிரம் கிளம்புங்க, வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகு காலம்."

அவள் போய்த் தன் விமானத்தில் ஏறிக்கொண்டாள்.

டிராக்டரைக் கொண்டுவந்தபோது வெங்கடப்பன் மறித்தது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது. "தன் காலால மிதிக்கணும்ப்பா. இழுத்துக்கினு போயி மிதிக்க வெக்கிறதுக்கு இது என்ன பிரேக் டவுன் லாரியா?" மோகன்குமார் கடிகாரத்தைப் பார்த்தார். சின்ன வண்டி, வந்து சேர நேரமாகும் என்று நினைத்துக்கொண்டார். தலையாட்டினார்.

லாவண்யா ஜெட்டின் வாலுக்கு நேர் பின்னால் வந்திருந்தாள். ஜெட்டின் அடிவயிற்றில் சிவப்பு விளக்கு சுழன்றது; எஞ்சின் ஓடுகிறது என்று அர்த்தம். பிரேக் பிடித்தாள். ஜெட் காற்றுக்கு எதிராகத் தன் வண்டியின் மூக்கைத் திருப்பப் பார்த்தாள். பாதிதான் திரும்பியது. மண்ணெண்ணெய் நாற்றத்தோடு அனல் வந்து மோதியது. இடது இறக்கை எழுந்தது. வலது இறக்கை நுனி தார்த் தரையில் மடங்கியது. புரொப்பெல்லர் தரையில் அடித்து நின்றது.

சுவிட்சுகளை அணைத்துவிட்டு இறங்கினாள். அந்தப் பக்கம் ஜெட்டும் அடங்கியது.

மோகன்குமார் ஓடிவந்தார். "அடி படலியே மேடம்? நான் சொன்னேன், அவர் கேக்கல."

"தலையாட்டினது யாரு சார்?"

வெங்கடப்பன் மெதுவாக வந்து மடங்கிய இறக்கையைச் சுற்றிப் பார்த்தார்.

"ஏம்மா, உன் வண்டிக்குப் பூஜை போடலியா?"

லாவண்யா குனிந்து புரொப்பெல்லரைப் பார்த்தாள்.

"சரி விடு. நாலு பேர் பிடிச்சா வழிய விட்டு ஓரமா தள்ளிடலாம். ராகு காலத்துக்கு இன்னும் டைம் இருக்குது."

"யாரும் தொடாதீங்க. இது விபத்து. சென்னைல இருந்து விமான விசாரணை அதிகாரி வந்து பாக்கற வரைக்கும் நகர்த்தக் கூடாது."

"எப்ப வருவாரு?"

"தெரியாது. இனிமேதான் சொல்லணும்."

"அதுவரைக்கும் என் வண்டி?"

"கிழக்கு பார்த்து நிக்கட்டும்."

அவர் மோகன்குமாரைப் பார்த்தார். மோகன்குமார் பழங்களைப் பார்த்தார். மூன்றும் நன்றாகவே நசுங்கியிருந்தன.

லாவண்யா முதலில் சேலத்துக்குப் போன் போட்டாள்.

"இன்னைக்கு வர முடியாதுங்க. காத்துல வண்டி சாஞ்சிடுச்சு."

"இங்க ஒரு இலைகூட அசையலீங்களே," என்றார் பள்ளிக்காரர். "தரையில ஓடறப்பவே காத்துக்குச் சாயுற வண்டிய வாங்கி, பசங்கள எப்படிங்க ஏத்தறது?"

"சாதாக் காத்து இல்லீங்க. ஜெட் காத்து. எலுமிச்சம்பழத்த நசுக்கறதுக்காக…"

"என்னது பழம்?"

அவள் மறுபடியும் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். பாதியில் லைன் கட்டானது. திரும்பப் போட்டபோது அவர் எடுக்கவில்லை.